அடி அளந்த ஏரி

எழுபதுகளின் இறுதியில் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட ஆசிரியர் அறைகளில் மூன்று நாடுகளின் பெயர்கள் அடிக்கடி அடிபட்டன: நைஜீரியா, சாம்பியா, எதியோப்பியா. கனடாவும் சுவிற்சர்லாந்தும் எங்கள் பேச்சில் வருவதற்கு இன்னும் காலம் இருந்தது. கணிதமோ விஞ்ஞானமோ படிப்பித்த பட்டதாரி ஒருவர் திடீரென்று லீவு போட்டுக் கொழும்புக்குப் போய்வந்தால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்: நேர்முகப் பரீட்சை. அடுத்த தவணையில் அவருடைய பாடங்களை மற்றவர்கள் பங்குபோட்டுக்கொள்வார்கள். "மாஸ்டர் ஆபிரிக்காவுக்குப் போட்டாராம்" என்று பிள்ளைகள் சொல்லித் திரிவார்கள்.

போனதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. அரச ஆசிரியரின் சம்பளத்தில் தங்கச்சிமாரைக் கரைசேர்க்க முடியாது. பாதியில் நிற்கும் வீட்டுக்குக் கூரை போட முடியாது. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்த பிறகு, நன்றாகப் படிப்பித்தால் பிள்ளை முன்னுக்கு வரும் என்ற எங்கள் நம்பிக்கையும் ஆட்டம் கண்டிருந்தது. ஆபிரிக்க அரசுகளுக்கோ ஆங்கிலத்தில் படிப்பிக்கக்கூடிய ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். கேரளத்திலிருந்து ஏராளமானோர் போயிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நாங்களும் பெட்டி கட்டினோம்.

எனக்குக் கிடைத்தது எதியோப்பியா. அடிஸ் அபாபாவுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீற்றரில் இருந்த நாசரெத் என்ற பட்டணம். இன்று அதன் பெயர் அதாமா. பேரரசர் ஹைலி செலாசியை 1974 இல் இறக்கிய இராணுவக் குழுவின் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. மார்க்ஸ், ஏங்கெல்ஸ், லெனின் மூவரும் பெரிய பெரிய பதாகைகளில் வரிசையாக நின்றார்கள். இருட்டினால் ஊரடங்கு. வகுப்பு நிறையப் பிள்ளைகள். ஆம்பிளையான என்னையும் அவர்கள் "ரீச்சர்" என்றே கூப்பிட்டார்கள்; எங்கள் ஊரில் பெண் ஆசிரியர்களை மட்டுமே அப்படிக் கூப்பிடுவதால் முதல் தவணை முழுக்க எனக்குச் சிரிப்பாக இருந்தது. மணிக்கணக்கு அங்கே சூரிய உதயத்திலிருந்து தொடங்கும். எங்கள் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. உதயாதி நாழிகை பார்த்துச் சாதகம் கணித்த பேரனாரோடு வளர்ந்தவனுக்கு அது விளங்க அதிகம் மினைக்கெட வேண்டியிருக்கவில்லை.

நாசரெத்துக்கும் தலைநகருக்கும் நடுவழியில் டெப்ரே செயிட் என்றோர் ஊர். இப்போது அதன் பழைய ஒரோமோப் பெயரான பிஷொஃப்து திரும்ப வந்துவிட்டது. அந்த ஊரைச் சுற்றி, எரிமலை வெடித்த வாய்களில் தண்ணீர் நிறைந்து ஏரிகள் கிடக்கின்றன: ஹோரா, பிஷொஃப்து, பாபோகாயா, இன்னும் சில. எங்கள் பாடசாலையில் இரசாயனம் படிப்பித்த வடமராட்சி மாஸ்டர் இவற்றைப் பற்றி நெடுகக் கதைப்பார். "ஒருக்கால் போய்ப் பாப்பம், ஐசே. உம்முடைய வாழ்க்கையில எரிமலைக்குள்ள குளிச்சனெண்டு சொல்ல ஒரு கதை வேணுமெல்லே" என்றார். மாரி ஓய்ந்து வெயில் தெளிந்திருந்த ஒக்ரோபர் ஞாயிறு ஒன்றில் அவரும், அவர் மனைவியும், நானும், பிஷொஃப்துக்காரனான ஒரு மாணவனும் விடிய வெள்ளன பஸ் ஏறினோம்.

கமராவை வீட்டில் வைத்துவிட்டு வரும்படி அவன்தான் சொன்னான். அந்த ஊரில் நாட்டின் பெரிய விமானப்படைத் தளம் இருந்தது. கமராவோடு ஏரிக்கரையில் நின்ற வெளிநாட்டான் பின்னேரம் பொலிஸ் நிலையத்தில் நிற்க வேண்டி வரலாம். ஆகவே அந்த நாளுக்கு என்னிடம் படம் இல்லை. வழி நெடுகத் தெஃப் வயல்கள் காற்றில் சாய்ந்து நிமிர்ந்தன. அவர்களின் இஞ்செரா ரொட்டிக்கு மா கொடுக்கும் தானியம் அது. கடுகைவிடச் சின்ன மணி. வரம்புகளில் மெஸ்கெல் பூ மஞ்சளாய்ப் பூத்துக் கிடந்தது. மழை முடிந்து சில வாரங்களுக்கு மட்டும் பூத்து, பிறகு இருந்த இடம் தெரியாமல் போய்விடும் பூ.

பஸ் நிலையத்திலிருந்து குதிரை வண்டி. அங்கே அதைக் கரி என்பார்கள். கடைத்தெருவைத் தாண்டி வண்டி நின்றதும் பையன், "இறங்குங்கள், ரீச்சர், இதுதான் ஏரி" என்றான். எனக்கு ஏரி எதுவும் தெரியவில்லை. நான்கு பக்கமும் வீடுகளும் மரங்களுமாய்ச் சமதரை. இன்னும் கொஞ்சத் தூரம் நடந்தோம். திடீரென்று காலுக்கு முன்னால் நிலம் முடிந்தது. செங்குத்தான பாறைச் சுவர் வட்டமாய் இறங்க, அதன் அடியில் கரும்பச்சைத் தண்ணீர் வெயிலில் மின்னியது. அது பிஷொஃப்து ஏரி. ஊருக்குப் பெயர் கொடுத்த ஏரியை ஊருக்குள் நின்றே காண முடியாது என்பது விசித்திரமாயிருந்தது.

எரிமலை என்றால் புகை கக்கும் கூம்பு என்றுதான் பள்ளிப் புத்தகப் படம் எங்களுக்குப் பழக்கியிருந்தது. இங்கே கூம்பு இல்லை. பூமியின் ஆழத்திலிருந்து ஏறிவந்த எரிகுழம்பு மேலே வந்து சேருமுன் நிலத்தடி நீரைத் தொட்டிருக்கிறது. தொட்ட கணத்தில் நீர் ஆவியாகி, மேலே கிடந்த பாறையை வானத்துக்கு எறிந்திருக்கிறது. மிஞ்சியது குழி. வெடி ஓய்ந்த பிறகு அதே நிலத்தடி நீர் சுவர்களிலிருந்து கசிந்து குழியை நிரப்பியது. வடமராட்சி மாஸ்டர் ஒரு தடியால் மண்ணில் கீறிக் காட்டி, "குழி கிண்டினதும் தண்ணிதான், நிரப்பினதும் தண்ணிதான்" என்றார். இந்த ஏரிகளுக்கு வந்து சேரும் ஆறு என்று சொல்லத்தக்கது இல்லை. வெளியேறும் ஆறும் இல்லை. மேலே விழும் மழையும் கீழே ஊறும் ஊற்றும் வரவு. வெயில் குடிப்பதும் மண்ணுக்குள் கசிவதும் செலவு.

ஆறு இல்லாத தண்ணீர். யாழ்ப்பாணத்தானுக்கு இதைவிடப் பழக்கமானது வேறென்ன? மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால் எங்கள் குடாநாட்டில் ஆறு என்று ஒன்று கிடையாது. கிணற்றைக் குனிந்து பார்த்துத்தான் நாங்கள் தண்ணீரைக் கண்டோம்.

அங்கிருந்து ஹோராவுக்குப் போனோம். அதன் கரைக்கு இறங்க ஒற்றையடிப் பாதை உண்டு. கூழைக்கடாக்கள் கூட்டமாய் மிதந்தன. பட்ட மரமொன்றில் நீர்க்காகங்கள் செட்டை விரித்து வெயில் காய்ந்தன. நான் செய்த முதல் வேலை, ஒரு கை தண்ணீர் அள்ளி நாக்கில் வைத்தது. புது ஊருக்குப் போனால் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது, கிணறு நல்லதண்ணியா சவரா என்பதைத்தானே. இது சவர். ஆனால் எங்கள் கடற்கரைக் கிணறுகளின் உப்புச் சவர் அல்ல. அப்பச்சோடாவைக் கரைத்தது போன்ற ஒரு வழுவழுப்பு.

அந்த வழுவழுப்பின் கதை கொஞ்சம் தள்ளித் துணி தோய்த்துக்கொண்டிருந்த பெண்களிடம் விளங்கியது. சவர்க்காரத்தை ஒருதரம் தேய்த்ததும் நுரை மலையாய்ப் பொங்கியது. மாஸ்டரின் மனைவி வாயைப் பிளந்தார். "இஞ்சேருங்கோ, எங்கட கிணத்தடியில அரைக் கட்டி கரைச்சாலும் இவ்வளவு நுரை வராது" என்றார். இரசாயன மாஸ்டருக்குக் குஷி பிறந்துவிட்டது. எங்கள் குடாநாடு முழுவதும் சுண்ணக்கல். மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்தது. அதற்குள் ஊறும் தண்ணீரில் கல்சியம் கரைந்திருக்கும். சவர்க்காரத்தைத் திரைய வைக்கும். கேத்தலின் அடியில் வெள்ளைச் செதிலாய்ப் படியும். எரிமலைப் பாறையில் ஊறிய தண்ணீரிலோ சோடியம் அதிகம், கல்சியம் குறைவு. சவர்க்காரத்துக்கு அதுவே வாய்ப்பு. ஒன்று கடல் போட்ட கல், மற்றது தீ போட்ட கல். ஊறிய கல்லின் குணம் தண்ணீருக்கு வந்துவிடுகிறது.

கரையில் பெரிய அத்தியினத்து மரம் ஒன்று நின்றது. அடிமரத்தில் வெண்ணெய் பூசி மினுமினுத்தது. வேரடியில் காய்ந்த புற்கட்டுகள். மரத்தடியில் எண்ணெய் பூசி வைத்த எங்கள் ஊர் வைரவர் கல்லைப் பார்த்து வளர்ந்த மூவரும் கேளாமலே செருப்பைக் கழற்றினோம். பையனுக்குச் சந்தோஷம். மாரி முடிந்து மெஸ்கெல் பண்டிகை வந்த பிறகு வரும் ஞாயிறில் ஒரோமோ மக்கள் இங்கே கூடுவார்கள் என்றான். பச்சைப் புல்லும் பூவும் கையில் ஏந்தி வந்து, அதைத் தண்ணீரில் தோய்த்துத் தெளித்து, மழைக்காலத்தைத் தாண்ட வைத்த தங்கள் கடவுள் வாகாவுக்கு நன்றி சொல்வார்கள். அதன் பெயர் இரீச்சா. ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போய் முழுகும் வழக்கத்தை நாங்கள் அவனுக்குச் சொன்னோம். கடலுக்குப் பக்கத்திலேயே நல்லதண்ணி ஊறும் கேணி என்றதும் அவன் நம்பமுடியாமல் பார்த்தான்.

அதே பையன்தான் சொன்னான்: "ரீச்சர், பிஷொஃப்து ஏரிக்கு அடியே கிடையாது. எங்கள் பாட்டி சொல்லுவா."

மாஸ்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாரும், உம்முடைய ஊர்க் கதை இஞ்சையும் வந்திட்டுது."

எனது ஊர் புத்தூர்ப் பக்கம். நவக்கிரியில் இருக்கும் நிலாவரைக் கிணற்றைப் பற்றிக் கேட்காத பிள்ளை அந்தப் பக்கத்தில் இல்லை. இராமர் அம்பு விட்டுத் தாகம் தீர்த்த இடம் என்பார்கள். அதற்கு அடி இல்லை என்பார்கள். நிலாவரையில் போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதந்து வரும் என்பார்கள். போட்டவரைக் கண்டதாகச் சொன்னவர் உண்டு, எடுத்தவரைக் கண்டதாகச் சொன்னவர் இல்லை. உண்மையில் அது சுண்ணக்கல் குகை. மழைநீர் காலங்காலமாய்க் கல்லைக் கரைத்து உள்ளே அறை செய்ய, ஒரு நாள் கூரை இடிந்து விழுந்து வானத்துக்கு வாய் திறந்தது. வெடித்துத் திறந்தது ஒன்று, கரைந்து திறந்தது மற்றொன்று. இரண்டிலும் நாம் காண்பது நிலத்தடி நீரின் முகத்தைத்தான்.

பாட்டியின் கதையைப் பையன் முன்னால் மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் மாஸ்டர் விடவில்லை. அடிஸ் அபாபாப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய புரோசர், வுட், பாக்ஸ்டர் என்ற மூவர் இந்த ஏரிகளை அளந்து 1968 இல் கட்டுரை எழுதியிருந்தார்கள். அதன் விவரம் அவருக்கு மனப்பாடம். பிஷொஃப்து 87 மீற்றர். பாபோகாயா 65. நாங்கள் உட்கார்ந்திருந்த ஹோரா 38. பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எண்பத்தேழு மீற்றர் என்றால் எவ்வளவு?" என்று கேட்டான். நாசரெத்தில் அவனுக்குத் தெரிந்த எந்தக் கட்டடத்தை நிறுத்தினாலும் மூழ்கிவிடும் என்றேன். அவன் முகம் மலர்ந்தது. கணக்கு வந்ததால் ஏரியின் மதிப்பு குறையவில்லை, கூடிவிட்டது.

மத்தியானம் மாஸ்டரின் மனைவி பொதியை அவிழ்த்தார். தேங்காய் முளைக்காத மலைநாட்டில் யாழ்ப்பாணத்துப் பெண் படும் பாடு தனிக் கட்டுரைக்குரியது. கோதுமை மாவில் புட்டு அவித்து, தேங்காய்ப்பூவுக்குப் பதிலாக வதக்கிய வெங்காயம் இட்டிருந்தார். பருப்பை அவர்களுடைய பெர்பெரே மிளகாய்த்தூளில் சமைத்திருந்தார். கடைசியில், ஊரிலிருந்து பார்சலில் வந்த பனங்கட்டியை ஆளுக்கொரு துண்டு உடைத்துத் தந்தார். பையன் புட்டைச் சந்தேகத்தோடும் பனங்கட்டியைச் சந்தேகமில்லாமலும் சாப்பிட்டான். தெற்கே சுக்வாலா மலை தெரிந்தது. ஏறத்தாழ 3,000 மீற்றர் உயரமான பழைய எரிமலை. அதன் உச்சியிலும் ஒரு வாவி, கரையில் ஒரு மடம், ஆண்டுதோறும் யாத்திரை. உச்சி மலையிலும் சமதரையிலும் தீ மூட்டிய இடமெல்லாம் தண்ணீர் வந்து குடியேறியிருந்தது.

சாப்பிட்டு முடிந்ததும் நான் முழுகினேன். மாஸ்டர் கேட்ட கதை நிறைவேறியது. முழங்காலளவில் வெதுவெதுப்பாயிருந்த தண்ணீர் நாலு பாகம் தள்ளிப் போனதும் காலடியில் சில்லென்றது. திரும்பி வந்து சொன்னபோது பையன், "அந்தக் குளிர்தண்ணீர் மேலே வரக்கூடாது, ரீச்சர். வந்தால் மீன் சாகும்" என்றான். சில வருஷங்களில், குளிர் கூடிய மாதங்களில், ஒரு காலையில் எழும்பிப் பார்த்தால் மீன்கள் வயிறு மேலாய் மிதக்குமாம்.

இதற்கும் மாஸ்டரிடம் விளக்கம் இருந்தது. சுற்றிவரச் சுவர், நடுவில் ஆழம். காற்று வந்து கலக்குவதெல்லாம் மேல்தட்டை மட்டுமே. வெயிலில் சூடேறிய தண்ணீர் மேலே நிற்கும். கனமான குளிர்தண்ணீர் அடியில் மாதக்கணக்காய் அசையாமல் கிடக்கும். அதில் ஒட்சிசன் தீர்ந்துபோகும். நவம்பர் முதல் ஜனவரி வரை இரவுகள் கடுங்குளிரானால் மேல்தட்டும் குளிர்ந்து கனத்து இறங்கும். இரண்டும் கலக்கும். மூச்சுவிட முடியாத தண்ணீர் மேலே வர மீன்கள் சாகும். பார்வைக்கு ஒரே ஏரி. உள்ளே ஒன்றின் மேல் ஒன்றாய் இரண்டு ஏரிகள். உயிர் வாழ்வது மேலேயுள்ள மெல்லிய ஏரியில்.

ஊரடங்குக்கு முன் நாசரெத் போய்ச் சேர வேண்டுமென்பதால் வெயில் சாயுமுன் பஸ் ஏறினோம்.

பின்னர் 1983 ஆடிக் கலவரச் செய்தியைச் சிற்றலை வானொலியில் கேட்டோம். கடிதம் வரும்வரை உயிர் கையில் இல்லை. ஒப்பந்தம் முடிந்ததும் மாஸ்டர் குடும்பம் வேறொரு நாட்டுக்குப் போயிற்று. நான் ஊர் திரும்பினேன். 1986 ஓகஸ்டில் கமரூனின் நியோஸ் ஏரியைப் பற்றிய செய்தி வந்தது. அதுவும் எரிமலை வாய் ஏரி. அடித்தட்டு நீரில் கரைந்து கிடந்த கரியமிலவாயு ஓர் இரவில் பொங்கி வெளியேறிப் பள்ளத்தாக்குகளில் இறங்க, 1,700 பேருக்கு மேல் மூச்சடைத்துச் செத்தார்கள். பிஷொஃப்துவின் தண்ணீர் அந்த வகை அல்ல. ஆனாலும் பையன் சொன்ன "மேலே வரக்கூடாது" என்ற சொல் அப்போது என் காதில் விழுந்தது.

அந்தச் சொல் எங்கள் குடாநாட்டுக்கும் பொருந்தும் என்பது ஊரில் ஒரு கோடையில் உறைத்தது. எங்கள் வெங்காயத் தோட்டங்களும் புகையிலைத் தறைகளும் குடித்தது சுண்ணக்கல்லுக்குள் தங்கிய மழைத் தண்ணீரை. பெரும்பாலும் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழைதான் அதற்கு வரவு. அந்த நல்லதண்ணி, பாரமான கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கணித ஆசிரியருக்குப் பிடித்தமான விகிதம் ஒன்று இதில் உண்டு: கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்லதண்ணி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி நல்லதண்ணி நிற்கும். மறுபக்கமாய்ப் படித்தால் பயங்கரம். மேலே ஓர் அடியை இறைத்துக் குறைத்துவிட்டால், காலப்போக்கில் கீழேயிருந்து நாற்பது அடி சவர் ஏறும். நிலாவரையிலும் அப்படித்தான், மேலே வாய்க்கு உகந்த தண்ணீர், ஆழத்தில் உப்பு. பிஷொஃப்துவில் இரண்டு தட்டையும் கலப்பது குளிர். இங்கே கலப்பது நாங்கள்.

துலா மிதித்த காலத்தில் இந்த ஆபத்து குறைவு. மிதிப்பவனுக்குக் கால் உளைந்தால் இறைப்பு நின்றுவிடும், கிணறு ஊறிக்கொள்ளும். பிறகு மண்ணெண்ணெய் பம்ப் வந்தது, மின்சார மோட்டர் வந்தது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் கிடையாமல் போனபோது பல தோட்டங்களில் துலா மீண்டும் அசைந்தது. தடை நீங்கியதும் மோட்டரே திரும்ப வந்தது. உரத்திலிருந்து இறங்கும் நைத்திரேற்றும் நல்லதண்ணித் தட்டில்தான் சேர்கிறது. இத்தனைக்கும் ஊரில் நான் கேட்கும் பதில் ஒன்றே: "நிலாவரைக்கு அடியில்லை, மாஸ்டர். எங்கட தண்ணி வத்தாது."

நிலாவரைக்கும் அடி உண்டு. இறங்கி அளந்தவர்கள் கண்டது ஐம்பது மீற்றரைச் சுற்றிய ஆழம். அதிலும் நாம் குடிக்கத்தக்கது மேற்பகுதி மட்டும். அடியில்லை என்ற கதை பாட்டியின் வாயில் இருக்கும்வரை அழகு. தோட்டக்காரனின் கணக்கில் அது புகுந்துவிட்டால் நட்டம். எண்பத்தேழு என்ற எண்ணைக் கேட்டதும் அந்த ஒரோமோப் பையன் தன் ஏரியை இன்னும் பெருமையாகப் பார்த்ததை நான் இங்கே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அளந்தால் அற்புதம் போய்விடும் என்று பயப்படத் தேவையில்லை.

ஓய்வுபெற்ற பிறகு என்னிடம் கணக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு வீட்டு வேலையாக ஒன்று கொடுத்துவருகிறேன். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, தங்கள் வீட்டுக் கிணற்றில் கல் கட்டிய கயிறு விட்டுத் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்து கொப்பியில் எழுத வேண்டும். ஒரு வாய் குடித்துப் பார்த்து நல்லதண்ணியா சவரா என்றும் குறிக்க வேண்டும். மார்கழியிலும் ஆவணியிலும் கோடு எங்கே நிற்கிறது என்பதை வரைபடமாகக் கீறி வந்தால், விகிதம் என்ற பாடத்தை அதிலிருந்தே தொடங்குவேன். தகப்பன்மார் சிலர் இப்போது அந்தக் கொப்பியைப் பார்த்துவிட்டுத்தான் மோட்டரைப் போடுகிறார்கள்.